வழக்கு முடிவதற்குள் முடிந்துவிடும் பணம்: சட்ட உதவி மானியங்கள் பற்றி ஒரு விமர்சனம்

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். காசில்லாதவர்களுக்கு வக்கீல் ஏற்பாடு செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கு வருகிற மானியங்களை எல்லாம் சேர்த்து ஒரே சேவை என்று வைத்துக்கொண்டால், ஐந்துக்கு மூன்று. இந்தப் பணம் நின்றால் பல அலுவலகங்களுக்குப் பூட்டுத்தான், அதற்காக மூன்று. மீதி இரண்டை ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் வக்கீல் கிடையாது. வக்கீல்களுக்கு அடுத்த மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று பார்க்கிற ஆள். ப்ரொபோசல் எழுதுவது, பட்ஜெட் போடுவது, ரிப்போர்ட் அனுப்புவது, ஆடிட்டர் கேட்கும் வவுச்சரைத் தேடி எடுப்பது, இதுதான் பிழைப்பு. கீழே வருவதில் சில நானே கையாண்ட மானியங்கள், அவர்கள் பெயரைச் சொல்லப் போவதில்லை. மற்றவை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பெரிய ஏற்பாடுகள்.

அதிகமாகக் கிடைப்பது புராஜெக்ட் மானியம்தான். 12 மாதம், மிஞ்சிப்போனால் 24 மாதம். இத்தனை பேருக்கு ஆலோசனை, இத்தனை வழக்கு, இத்தனை முகாம் என்று ஒரு அட்டவணை இருக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை நிரப்பி அனுப்ப வேண்டும். கிணறு வெட்டுகிற திட்டம் என்றால் இது சரிதான், வருடம் முடியும்போது கிணறு இருக்கும், போட்டோ எடுத்து அனுப்பிவிடலாம். வழக்கு அப்படி வராது. எதிர்த்தரப்பு வாய்தா வாங்கும், நீதிபதி மாற்றலாகிப் போவார், நோட்டீஸ் சேரவில்லை என்று திரும்பி வரும், சாட்சி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரமாட்டார், எல்லாம் தாண்டித் தீர்ப்பு வந்தால் மேல்முறையீடு, அதையும் தாண்டினால் தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லி இன்னொரு மனு. ஜீவனாம்ச வழக்கோ நில உரிமை வழக்கோ யாருடைய நிதியாண்டையும் பார்த்து நடப்பதில்லை.

சரி, மானியம் முடிந்துவிட்டது, வழக்கு முடியவில்லை. அப்புறம்? மற்ற தொண்டு வேலைகளில் பணம் நின்றால் வேலையை நிறுத்தலாம், வருத்தமாக இருக்கும், ஆனால் நிறுத்தலாம். வக்காலத்துப் போட்ட வக்கீல் "ஃபண்ட் தீர்ந்துவிட்டது" என்று கோப்பை மூடிவிட்டுப் போக முடியாது. கட்சிக்காரருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவர் வேறு ஆளைத் தேட அவகாசம் கொடுக்க வேண்டும், வழக்கு நீதிமன்றத்தில் இருந்தால் பெரும்பாலான இடங்களில் விலகுவதற்கு நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும். இது தொழில் நெறி, இதில் தொண்டு நிறுவனத்துக்கு என்று தனிச் சலுகை எதுவும் கிடையாது. ஆக, பணம் கொடுத்தவர் கணக்கை முடித்துக்கொண்டு போன பிறகும் அவர் பணத்தில் ஆரம்பித்த வழக்குகள் அலமாரியில் உயிரோடு இருக்கின்றன. அடுத்த மானியத்தில் இவற்றைச் சேர்க்கலாம் என்றால், அது "புதிய பயனாளிகளுக்கு" என்று விதிமுறையிலேயே போட்டிருக்கும். பழைய வழக்குக்கு வக்கீல் போகும் நாளுக்கு யார் சம்பளம்? யாரும் இல்லை. பெரும்பாலும் அந்த வக்கீலே தன் சொந்த நேரத்தில் போய்விட்டு வருகிறார், அதை எந்த ரிப்போர்ட்டிலும் எழுத ஒரு கட்டம் இருக்காது.

இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடம். அட்டவணையில் "முடித்த வழக்குகள்" என்று ஒரு கட்டம் இருந்தால், வருடத்தின் பாதியைத் தாண்டும்போது அலுவலகத்தின் முன்மேசையில் உட்கார்ந்திருப்பவர் தன்னை அறியாமலே ஆட்களைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவார். சான்றிதழில் பெயர் திருத்தம், ஒரு மனு, ஒரு வக்கீல் நோட்டீஸ், இதெல்லாம் உள்ளே வரும். வீட்டைவிட்டுத் துரத்தப்படுகிறவர், மூன்று வருடச் சம்பளப் பாக்கியோடு வருகிறவர், இவர்கள் காத்திருப்புப் பட்டியலுக்குப் போவார்கள். யாரும் உத்தரவு போடுவதில்லை, கட்டம்தான் உத்தரவு போடுகிறது. அமெரிக்காவில் மத்திய அரசுப் பணம் வாங்கும் சட்ட உதவி அமைப்புகள் ஒவ்வொரு வழக்கும் எப்படி முடிந்தது என்று வகை பிரித்துச் சொல்ல வேண்டும்: ஆலோசனை மட்டும், சிறு உதவி, சமரசம், நீதிமன்றத் தீர்ப்பு என்று. தொலைபேசியில் பேசி அனுப்பியதும் வருடக்கணக்கில் வாதாடியதும் எண்ணிக்கையில் ஒன்றுதான் என்றாலும், வகை பிரித்திருப்பதால் படிப்பவருக்கு வித்தியாசமாவது தெரியும். நான் பார்த்த பல தனியார் மானியப் படிவங்களில் அதுகூடக் கிடையாது.

அப்புறம் விழிப்புணர்வு முகாம். நிதி தருபவர்களுக்கு இதன் மேல் ஒரு தனிப் பிரியம், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி என்றால் கேட்கவே வேண்டாம். கூட்டம் வரும், பேனர் இருக்கும், துண்டறிக்கை கொடுக்கலாம், யார் மேலும் வழக்குப் போட வேண்டியதில்லை. நான் முகாமுக்கு எதிரி இல்லை, தன் உரிமை என்ன என்று தெரியாதவர் வக்கீலிடம் வரவே மாட்டார். ஆனால் முகாமுக்கு மறுநாள் ஒருவர் துண்டறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார் இல்லையா, அவருக்கு ஆஜராக வக்கீலுக்குப் பட்ஜெட் இல்லை என்றால் அந்த முகாமை ஏன் நடத்தினோம்? கம்பெனிப் பணத்தில் நேரடியாக வாதாடுவதற்கு ஒதுக்கீடு கேட்டால் பேச்சு மெதுவாக வேறு பக்கம் திரும்பும். நாளைக்கு அந்த வழக்கு தங்கள் வாடிக்கையாளர் மேலோ ஒப்பந்தக்காரர் மேலோ வந்து நிற்குமோ என்ற பயம், அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இந்த வகைக்கு இரண்டு நட்சத்திரம்.

அரசுப் பணம் வேறு மாதிரி. காலத்தைப் பொறுத்தவரை இதுதான் உறுதியானது. அமெரிக்காவின் லீகல் சர்வீசஸ் கார்ப்பரேஷன் 1974-ல் சட்டம் போட்டு உருவாக்கப்பட்டது, இன்று சுமார் 130 சுயேச்சையான தொண்டு அமைப்புகளுக்குப் பணம் தருகிறது. 2024-ல் அதற்கு ஒதுக்கியது 56 கோடி டாலர். எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்பது அங்கே எத்தனை ஏழைகள் இருக்கிறார்கள் என்ற கணக்கெடுப்பை வைத்து முடிவாகிறது, அழகாக ப்ரொபோசல் எழுதத் தெரிந்த ஊருக்கு அதிகம் என்பதெல்லாம் இல்லை. இது ஒன்றுக்காகவே நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

ஆனால் கயிறு நீளம். 1996-ல் போட்ட நிபந்தனைகளின்படி, இந்தப் பணம் வாங்கும் அமைப்பு பலருக்காகச் சேர்த்துப் போடும் குழு வழக்கு போடக் கூடாது, சிறையில் இருப்பவர்களுக்காக வாதாடக் கூடாது, ஆவணமில்லாத குடியேறிகள் பெரும்பாலோருக்கு உதவக் கூடாது. இதில் கொடுமை என்னவென்றால் அந்தக் கட்டுப்பாடு அரசுப் பணத்தோடு நிற்பதில்லை, அதே அமைப்பு வேறு இடத்தில் வாங்கிய பணத்தையும் பிடித்துக்கொள்ளும். விடுபட வேண்டும் என்றால் தனி அமைப்பு, தனி அலுவலகம், தனிக் கணக்கு. ஒரே கட்டுமான நிறுவனத்திடம் ஏமாந்த 200 பேருக்கு ஒரு குழு வழக்கு போட்டால் போதும் என்கிற இடத்தில் அந்த வழியையே அடைக்கும் விதி அது. பணம் வாங்குபவர் கண்டிப்பாகப் படிக்க வேண்டியது தொகையை இல்லை, அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதை.

அரசுப் பணத்தின் உறுதியும் ஆட்சியைப் பொறுத்ததுதான். அதிபர் ரீகன் காலத்தில் லீகல் சர்வீசஸ் கார்ப்பரேஷனையே மூடிவிடச் சொன்னார்கள், மூடவில்லை, ஆனால் 1982-ல் ஒதுக்கீட்டில் கால் பங்கு போனது. 1995-ல் 40 கோடி டாலராக இருந்தது அடுத்த வருடம் 27.8 கோடியானது. ட்ரம்பின் முதல் ஆட்சியில் மறுபடி மூடும் யோசனை வந்தது, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஏற்கவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012-ல் கொண்டுவந்த சட்டம் 2013 ஏப்ரலில் அமலானபோது குடும்பத் தகராறு, கடன், வேலை, அரசு உதவித்தொகை தொடர்பான வழக்குகளில் பெரும்பகுதி அரசுச் சட்ட உதவிக்கு வெளியே போய்விட்டது. அப்போது எல்லோரும் தொண்டு அறக்கட்டளைகளின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அறக்கட்டளை என்ன செய்யும்? ஓர் அரசு விலகின இடத்தை நிரப்பும் அளவுக்கு யாரிடமும் பணம் கிடையாது. மானியம் என்பது அரசு செய்ய வேண்டியதற்குப் பக்கத்தில் நின்று கைகொடுப்பதற்கு, இடத்தைப் பிடிப்பதற்கு இல்லை என்பதை விண்ணப்பம் போடும் நாங்களும் சில சமயம் மறந்துவிடுகிறோம்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு, யோசித்தவர் மூளைக்காரர். கட்சிக்காரர்கள் கொடுத்து வைக்கும் பணம், சிறு தொகையாகவோ கொஞ்ச நாளைக்கோ வக்கீலின் பொறுப்புக் கணக்கில் கிடக்கும்போது, தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் வட்டி என்று சொல்லும்படி எதுவும் தேறாது. எல்லோருடையதையும் சேர்த்தால் தேறும். அந்த வட்டியைச் சட்ட உதவிக்குத் திருப்பிவிடுவது. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் முதலில் வந்தது, அமெரிக்காவில் 1981-ல் ஃப்ளோரிடா ஆரம்பித்து வைத்தது. என் வட்டியை எடுக்க நீ யார் என்று வழக்கும் போனது. 2003-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம் என்ற கணக்கில், தனியாக இருந்தால் நிகர வட்டியே கிடைத்திருக்காத கட்சிக்காரருக்கு இழப்பு என்று ஒன்றும் இல்லை, அதனால் இழப்பீடும் இல்லை என்று முடித்துவிட்டது. யார் தயவும் இல்லாமல், வக்கீல் தொழிலுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும் பணம். இதற்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஐந்தாவதைக் கொடுக்காததற்குக் காரணம் வட்டி விகிதம். 2008 நெருக்கடி வந்தபோது மக்கள் வீட்டை இழந்தார்கள், வேலையை இழந்தார்கள், சட்ட உதவி அலுவலக வாசலில் கூட்டம் கூடியது. அதே நேரத்தில் வட்டி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கி இந்த வருமானம் சில வருடங்களில் பாதிக்கும் கீழே சரிந்தது. தேவை ஏறும்போது பணம் இறங்கும்படி அமைந்துவிட்ட குழாய் இது. இந்த வட்டியைப் பிரித்துக் கொடுக்கும் அறக்கட்டளைகளில், நல்ல வருடத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது தப்பிக்கும், வந்ததை வந்தபடி பிரித்துக் கொடுத்தது திண்டாடும்.

இங்கிலாந்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று: இலவசமாக வாதாடிய வக்கீலின் கட்சி ஜெயித்தால், தோற்றவர் கொடுக்க வேண்டிய வழக்குச் செலவு, 2007 சட்டப்படி நீதிமன்றம் உத்தரவிட்டால், அக்சஸ் டு ஜஸ்டிஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்புக்குப் போய் அங்கிருந்து மானியமாக வெளியே வருகிறது. தொகை பெரிதில்லாவிட்டாலும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

தொழில்நுட்ப மானியங்களைப் பற்றிச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் எரிச்சல் வருகிறது. நல்ல உதாரணம் இருக்கிறது: லீகல் சர்வீசஸ் கார்ப்பரேஷன் 2000-லிருந்து தொழில்நுட்பத்துக்கென்றே தனி மானியம் தருகிறது, கேள்வி கேட்டுக் கேட்டு நீதிமன்றப் படிவத்தை நிரப்பித் தரும் மென்பொருள்களுக்கு அது உதவியிருக்கிறது, வக்கீல் கிடைக்காதவருக்கு அது பெரிய காரியம். ஆனால் நான் நேரில் பார்த்த கதை வேறு. ஒரு நிதி அமைப்பு செயலி செய்யப் பணம் கொடுத்தது. செயலி வந்தது, வெளியீட்டு விழா நடந்தது. அடுத்த வருடம் படிவம் மாறியது, கட்டணம் மாறியது, செயலிக்குள் பழையதே இருந்தது. பராமரிப்புக்குப் பணம் கேட்டால் "அது புதுமை இல்லையே" என்று பதில். பழைய சட்டத்தைச் சொல்லும் செயலி சும்மா கிடக்கும் செயலியைவிட ஆபத்து, அதை நம்பி ஒருவர் கெடுத் தேதியைத் தவறவிடுவார். கடைசியில் நாங்களே அதை நீக்கிவிட்டோம். இரண்டு நட்சத்திரம்.

ரகசியம் பற்றி ஒரு வார்த்தை, புதிதாக வருபவர்கள் இதில் சிக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நிதி கொடுப்பவர் சரிபார்க்க வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் பயனாளிகளின் பெயர், போன் நம்பர், போட்டோ என்று பட்டியல் கேட்டால் கொடுக்க முடியாது. வக்கீலிடம் ஒருவர் வந்தார் என்பதே சில வழக்குகளில் வெளியே தெரியக் கூடாத விஷயம், கணவனிடம் அடி வாங்கித் தப்பி வந்த பெண்ணின் "வெற்றிக் கதை"யைப் படத்தோடு ஆண்டறிக்கையில் போடக் கேட்பவர்களை என்ன சொல்வது. ஒரு நிறுவனம் இப்படிப் பட்டியல் கேட்டு எங்களை விடாமல் துரத்தியது, நாங்களும் மறுத்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் பெயர் இல்லாமல் கோப்பு எண் மட்டும் கொடுப்பது, இரு தரப்புக்கும் சம்மதமான வெளி வக்கீல் ஒருவர் ரகசியக் காப்பு உறுதியோடு சில கோப்புகளைப் பார்த்துச் சான்று தருவது என்று ஒத்துக்கொண்டார்கள். இதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். பணம் வந்த பிறகு பேரம் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது.

நிர்வாகச் செலவு என்று சொல்லி வெட்டுவது எல்லாத் துறையிலும் உண்டு, சட்ட உதவியில் அது கூடுதலாக வலிக்கும். முடிந்த வழக்கின் கோப்பை வருடக்கணக்கில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், மொழிபெயர்ப்பு, நகல் கட்டணம், பல இடங்களில் தொழில் பிழைக் காப்பீடு, ஒரே அலுவலகம் இரண்டு தரப்புக்கும் ஆலோசனை சொல்லிவிடாமல் சரிபார்க்க ஒரு பதிவேடு, அதைப் பார்க்க ஒரு ஆள். இதில் எதையும் "பயனாளிக்கு நேரடியாகப் போன செலவு" என்று காட்ட முடியாது, எது இல்லாவிட்டாலும் வழக்கு நடக்காது. அமெரிக்க அரசு மானியங்களில், தனியாகப் பேசி விகிதம் வாங்காத அமைப்புகள் எடுத்துக்கொள்ளும் மறைமுகச் செலவு வரம்பு 10 சதவீதமாக இருந்தது, 2024 அக்டோபரிலிருந்து 15 ஆனது. இந்தியாவில் எதிர்த்திசை: வெளிநாட்டு நிதியில் நிர்வாகத்துக்குச் செலவழிக்கலாம் என்றிருந்த 50 சதவீத உச்சவரம்பை 2020 திருத்தம் 20 ஆக்கியது, வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கும் வழியையும் அடைத்தது. பெரிய அமைப்பிடம் வாங்கிச் சின்ன ஊரில் வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய அடி.

ஆளுக்கென்று தரும் மானியம் தனி ரகம். அமெரிக்காவில் 1988-லிருந்து நடக்கும் ஸ்கேடன் ஃபெலோஷிப் மாதிரி, ஒரு இளம் வக்கீலின் சம்பளத்தை இரண்டு வருடத்துக்கு ஏற்றுக்கொண்டு, நீ ஏழைகளுக்கு வேலை செய் என்று அனுப்புவது. அட்டவணைத் தொல்லை குறைவு, வக்கீலுக்கு வழக்கை ஆழமாகப் பார்க்க நேரம் கிடைக்கும், மூன்றரை கொடுப்பேன். மூன்றாம் வருடம் அவரை வைத்துக்கொள்ள அலுவலகத்தில் பணம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி, பெரும்பாலும் அவர் கையில் இருந்த கோப்புகள் மட்டும் மிச்சமாகும்.

ஐந்துக்கு ஐந்து வாங்குவது ஒன்றுதான். பல வருடத்துக்கு, எதற்கு வேண்டுமானாலும் செலவு செய்துகொள் என்று தருகிற பொது நிதி. ஃபோர்ட் ஃபவுண்டேஷன் 2016-ல் பில்ட் என்ற பெயரில் 100 கோடி டாலர் ஒதுக்கி, சமூக நீதி அமைப்புகளுக்கு ஐந்து வருட மானியம் கொடுத்தது. வக்கீல் இல்லாமலே அடிமட்டத்தில் சட்டத்தைச் சொல்லிக் கொடுக்கும் சமூக சட்டப் பணியாளர்களுக்காக 2021-ல் தொடங்கிய லீகல் எம்பவர்மென்ட் ஃபண்டும் இந்த வழியில்தான் போகிறது. ஐந்து வருடம் என்றால் ஒரு வழக்கை ஆரம்பித்தவரே மேல்முறையீடு வரை கொண்டுபோக முடியும். இலக்கு வைக்காவிட்டால் சோம்பிவிடுவார்கள் என்று சில நிதி மேலாளர்கள் நினைக்கிறார்கள், வாய்தா தேதிக்குப் போகாமல் இருந்துதான் பாருங்களேன், நீதிபதியே கேட்டுவிடுவார். எங்களுக்கு இப்படி ஒன்று கிடைத்த காலத்தில்தான் முன்மேசையில் கடினமான வழக்குகளைத் தைரியமாக எழுதிக்கொண்டார்கள். கிடைப்பது அரிது, அதுதான் குறை.

அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களின் பெரிய சிவில் சட்டப் பிரச்சினைகளில் 92 சதவீதத்துக்குப் போதிய உதவியோ எந்த உதவியுமோ கிடைக்கவில்லை என்று லீகல் சர்வீசஸ் கார்ப்பரேஷனின் 2022 அறிக்கை சொல்கிறது. இத்தனை வழிகளில் பணம் வரும் நாட்டிலேயே நிலைமை இது. அதனால் பொது நிதி வரும்வரை காத்திருங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன், புராஜெக்ட் மானியமே வாங்குங்கள், ஆனால் கேட்டு வாங்குங்கள். "முடித்த வழக்குகள்" என்ற கட்டத்துக்குப் பதிலாகத் தாக்கல் செய்தது, இடைக்கால உத்தரவு வாங்கியது, விசாரணை முடிந்தது என்று படிப்படியாகக் கணக்குக் காட்டலாமா என்று கேளுங்கள், நான் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒத்துக்கொண்டார்கள், அவர்களுக்கு இது தோன்றவில்லை, அவ்வளவுதான். பட்ஜெட்டில் ஒரு பங்கை, மானியம் முடிந்த பிறகும் நிலுவையில் இருக்கும் வழக்குகளுக்கு என்று தனி வரியாகப் போடுங்கள். கடைசி மூன்று மாதம் புதிய வழக்கு எடுக்காமல் இருப்பதை இலக்கில் முன்பே கழித்துவிடுங்கள்.

சமீபத்தில் ஒரு சின்ன அறக்கட்டளையோடு பேசினேன், தொகை பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் போனிலேயே அந்த அதிகாரி கேட்டது: "மானியம் முடிகிற அன்றைக்கு உங்கள் கையில் எத்தனை வழக்கு நிலுவையில் இருக்கும், அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" இதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அவர் முன்பு கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவராம். விண்ணப்பத்தை இந்த வாரம் அனுப்புகிறோம்.